ஒற்றைத் தேதி சைக்கிள், இரட்டைத் தேதி குதிரை

ஜூன் 4

தம்பிக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. கேட்டால் பதில் எழுத வேண்டுமே என்று கடிதத்தை மூலையில் போட்டுவிடுவாய். உன் குணம் எனக்குத் தெரியாதா? போனில் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய். வைக்காமல் இருந்தால் நான் கத்தியிருப்பேன், அதுவும் உண்மைதான். அதனால்தான் காகிதத்தை எடுத்தேன்.

விஷயத்துக்கு வருகிறேன். வன அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. பிப்ரவரி ஒன்றாம் தேதி நடந்த விபத்து எப்படி நடந்தது என்று நீயும் நானும் இந்த மாதம் முப்பதுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். கொடுக்காவிட்டால் மலைச் சுற்றுப்பாதையில் குதிரையும் போகக் கூடாது, சைக்கிளும் போகக் கூடாது. நடப்பவர்கள் மட்டும் போகலாம். பாதை வாசலில் நான்கு மாதமாகக் கட்டியிருக்கும் கயிறு அப்படியே நிரந்தரமாகிவிடும்.

ரேஞ்சர் புதியவர். அவருக்கு அ, ஆவிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. "சார், பாதை மொத்தமே நாலரை கிலோமீட்டர். காட்டுக்குள்ள ஏறி, ஓடைப் பாலம் தாண்டி, பாறை வளைவுல இறங்கி, கிளம்பின வாசலுக்கே வந்துடும். ரெண்டு பேர் எதிரெதிரா வந்தா ஒதுங்க இடம் கிடையாது. அதனால ஒத்தைத் தேதி சைக்கிளுக்கு, ரெட்டைத் தேதி குதிரைக்கு. வாசல்ல ஒரு பலகை. ஒரு பக்கம் சைக்கிள் படம், மறுபக்கம் குதிரைப் படம். தினம் சாயங்காலம் திருப்பி வைக்கணும்" என்றேன். அவர் உடனே, "அப்போ முப்பத்தொண்ணாம் தேதி வந்தா?" என்றார். ஆறு வருஷத்தில் இதைக் கேட்ட முதல் ஆள். முப்பத்தொன்றுக்கு மறுநாள் ஒன்று, இரண்டும் ஒற்றை, அதனால் அன்றைக்கு மட்டும் பலகையைத் திருப்பக் கூடாது, வருஷத்தில் ஏழு தடவை சைக்கிளுக்கு இரட்டை நாள் என்று சொன்னேன். "குதிரைக்கு நஷ்டமாச்சேம்மா" என்றார். வாயைத் திறந்து இதைச் சொல்ல ஒரு மனுஷன் கிடைத்தாரே என்று நினைத்துக்கொண்டேன்.

ஜனவரி முப்பத்தொன்றாம் தேதி சாயங்காலம் பலகை திரும்பியிருந்தது. மறுநாள் காலை குதிரைப் படத்தைப் பார்த்துவிட்டு உன் மாமா நம் 'சோம்பேறி'க் குதிரை மேல் ஏறிப் போனார். பாறை வளைவில் நீ மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு சைக்கிளில் பறந்து வந்தாய். அந்தக் குதிரை பிறந்ததிலிருந்து ஓடினதில்லை, அன்றைக்கு முன்னங்காலைத் தூக்கியது. மிச்சம் உனக்குத் தெரியும்.

முழங்காலில் தகடு வைத்திருக்கிறார்கள். கம்பு ஊன்றி நடக்கிறார். இனிமேல் குதிரை ஏற வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். குதிரை ஏறக் கற்றுக்கொடுத்தே சாப்பிட்ட மனுஷர், இப்போது லாய வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஆறு குதிரைகளுக்கும் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

முப்பத்தொன்று சாயங்காலம் கடைசியாகப் பாதைக் கதவைப் பூட்டியது நீ, பலகையைத் திருப்புவதும் உன் வேலை. உண்மையை எழுதி அனுப்பு. அவ்வளவுதான்.

அக்கா

*

ஜூன் 9

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. இரண்டு நாள் பிரிக்கவில்லை. நீ எழுதியிருந்த மாதிரியேதான், மூலையில் போட்டுவிட்டேன். படித்ததும் கோபம்தான் வந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அத்தனை பேர் முன்னால் "இனிமே என் கண்ணுலயே முழிக்காதே" என்றாயே, ஞாபகம் இருக்கிறதா? நான் முழிக்கவில்லை. நாலு மாதமாக எங்கேயோ ஒரு ஊரில் யாருடைய பட்டறையிலோ சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். இப்போது என் கண் வேண்டாம், கையெழுத்து மட்டும் வேண்டுமா?

நான் திருப்பவில்லை. முப்பத்தொன்று என்று எனக்கு நன்றாகத் தெரியும். அன்று மத்தியானமே குடைக்காரரிடம் சொன்னேன். தினம் வெயிலானாலும் மழையானாலும் குடையோடு நடக்க வருவாரே, அவர்தான். "சார், நாளைக்கும் சைக்கிள் வரும், காதைத் தீட்டிட்டு நடங்க" என்றேன். அப்படிச் சொன்னவன் சாயங்காலம் போய்ப் பலகையைத் திருப்புவேனா?

காலையில் பலகையைப் பார்க்கவில்லை என்பது என் தப்பு. ஒப்புக்கொள்கிறேன். ஒன்றாம் தேதி, நம் நாள் என்று நேரே உள்ளே போய்விட்டேன். பலகைக்குப் பெயிண்ட் அடித்தவனே பலகையைப் பார்ப்பதில்லை. வளைவில் நான் பிரேக் பிடித்தேன். பிடித்தேன் அக்கா. அதை நீ கேட்கவே இல்லை.

மாமாவுக்கு வலி இருக்கிறதா? அதை மட்டும் எழுது.

தம்பி

*

ஜூன் 13

தம்பிக்கு,

மழை வந்தால் வலிக்கிறது. மற்றபடி வலி என்று சொல்ல மாட்டார். மாடிப்படி ஏறும்போது மட்டும் பேச்சை நிறுத்துகிறார், அப்போது தெரியும்.

பிரேக் பிடித்தாய் என்று அவரே சொன்னார். நான் இல்லை என்று சொல்லவில்லையே.

ஆனால் நீ திருப்பவில்லை என்றால் வேறு யார்? காற்று திருப்பியதா? குரங்கு திருப்பியதா? இரும்புக் குழாயில் மாட்டின பலகை, இரண்டு கையால் தூக்கித் திருப்பிக் கொண்டி போட வேண்டும். காலையில் கொண்டி போடாமல் தொங்கிக்கொண்டிருந்தது. கொண்டி போடாமல் போகிறவன் நம் குடும்பத்தில் ஒருத்தன்தான். ஆறு வருஷமாகச் சொல்லிச் சொல்லி என் வாய் வலித்தது மிச்சம்.

நன்றாக யோசித்துப் பார். ஒரு நாளா, இரண்டு நாளா? தினம் செய்த வேலை. மனசு வேறு எங்கேயாவது இருந்திருக்கும், கை செய்திருக்கும். அதைத்தான் கேட்கிறேன். வேண்டுமென்று செய்தாய் என்று நான் எப்போதாவது சொன்னேனா? சொல்லியிருந்தால் அது கோபத்தில் சொன்னது.

போன ஞாயிறு கயிற்றைத் தாண்டி ஒரு சுற்று நடந்தேன். தனியாகத்தான். பாதை மேல் ஊசியிலை ஒரு ஜாண் உயரத்துக்குக் கிடக்கிறது. ஓடைப் பாலத்தில் ஒரு மரப்பலகை உடைந்திருக்கிறது. பாறை வளைவில் முள்செடி குறுக்கே வளர்ந்துவிட்டது. குதிரைக் குளம்பும் இல்லை, டயர்த் தடமும் இல்லை, யாரும் பிறக்கவே இல்லாத மாதிரி இருந்தது. உட்கார்ந்து அழுதேன். எதற்கு என்று கேட்காதே.

தேதி நெருங்குகிறது. எழுது.

அக்கா

*

ஜூன் 18

அக்காவுக்கு,

தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு, "கை செய்திருக்கும்" என்று நீ எழுதினதையே யோசித்துக்கொண்டிருந்தேன். இந்தப் பட்டறை வாசலிலும் ஒரு அட்டை தொங்குகிறது. ஒரு பக்கம் 'திறந்திருக்கிறது', மறுபக்கம் 'மூடியிருக்கிறது'. சாயங்காலம் திருப்புவது என் வேலை. செவ்வாய்க்கிழமை பஸ் ஸ்டாப் வரைக்கும் போனபின், இன்றைக்குத் திருப்பினேனா என்று யோசித்தேன். சத்தியமாக ஞாபகம் இல்லை. திரும்பி வந்து பார்த்தேன். திருப்பியிருந்தது. என்னைத் தவிர அங்கே யாரும் இல்லை. முதலாளி சிரித்தார், "மூளைய வீட்டுல வெச்சுட்டு வந்தியா?" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்றிலிருந்து முப்பத்தொன்றாம் தேதி சாயங்காலத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறேன். சைக்கிள்களைக் கொட்டகைக்குள் விட்டேன், சங்கிலி போட்டேன், வாசலுக்கு வந்தேன். முதல் நாள் யோசித்தபோது பூட்டிவிட்டு நேரே போனேன். இரண்டாம் நாள் யோசித்தபோது பலகை முன்னால் நின்றேன். நேற்று யோசித்தபோது இரும்பு சில்லென்று இருந்தது, வலது உள்ளங்கையில் துரு ஒட்டியது, பேண்டில் துடைத்தேன். இது எந்தச் சாயங்காலம் என்று எனக்கே தெரியவில்லை. ஆறு வருஷத்துச் சாயங்காலமும் ஒன்றாகக் கலந்து கிடக்கிறது. ஆனால் துரு நிச்சயமாக ஒட்டியது.

சரி. நான்தான் அக்கா. வேறு யார் இருக்க முடியும்? கொண்டி போடாமல் போகிறவன் நான் ஒருத்தன்தான். நீ ஆரம்பத்திலிருந்தே சரியாகச் சொல்லியிருக்கிறாய், நான்தான் முரண்டு பிடித்தேன்.

இன்று காலை வன அலுவலகத்துக்கு எழுதிப் போட்டுவிட்டேன். பலகையைத் திருப்பியது நான், முழுப் பொறுப்பும் என்னுடையது, குதிரைக்காரர்கள் மேல் எந்தத் தவறும் இல்லை என்று. மாமாவிடம் நானே சொல்ல வேண்டும், ஆனால் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நீ சொல்லிவிடாதே, கொஞ்ச நாள் கொடு.

நான் இப்போது சைக்கிள் ஓட்டுவதில்லை. ரிப்பேர் பார்த்ததை ஓட்டிப் பார்க்க வேறு ஆளிடம் கொடுக்கிறேன். இது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று தோன்றியது.

தம்பி

*

ஜூன் 22

தம்பிக்கு,

அடப்பாவி, ஏன் எழுதிப் போட்டாய்?

உட்கார்ந்து படி. நின்றுகொண்டு படிக்காதே.

பலகையைத் திருப்பியது நான்.

ஜனவரி முப்பத்தொன்று. சின்னக் குதிரைக்கு வயிற்றுவலி, மத்தியானத்திலிருந்து படுத்துப் படுத்துப் புரண்டுகொண்டிருந்தது. அதை நடத்திக்கொண்டே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். உன் மாமா நடத்தினார், நான் வெந்நீருக்கு ஓடினேன். வாசல் குழாயில் வாளி நிரப்பும்போது நிமிர்ந்து பார்த்தேன். சைக்கிள் படம். நீ பூட்டிக்கொண்டு போய்விட்டாய். "இந்தப் பய இன்னைக்கும் மறந்துட்டுப் போயிட்டான்" என்று திட்டிக்கொண்டே வாளியைக் கீழே வைத்தேன், தூக்கினேன், திருப்பினேன். அதற்குள் அங்கே குதிரை கத்தியது. கொண்டி போடாமல் வாளியோடு ஓடினேன். அன்று என்ன தேதி என்று கேட்டிருந்தால் என் பேரையே யோசித்துத்தான் சொல்லியிருப்பேன்.

எப்போது தெரிந்தது என்று கேட்பாய். ஆஸ்பத்திரியில் தெரிந்தது. சீட்டு எழுதுகிற பெண் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தேதியை எழுதினாள். "ஒண்ணு, ரெண்டு" என்றாள், ஒன்றாம் தேதி, இரண்டாம் மாதம். முந்தின நாள் முப்பத்தொன்று என்று உறைத்தது. திரும்பினேன், நீ வந்துகொண்டிருந்தாய், சட்டையெல்லாம் மாமாவின் ரத்தம். அப்போதுதான் அந்த வார்த்தையைச் சொன்னேன். உன்னைப் பார்த்துச் சொன்னேனா, என்னைச் சொல்லிக்கொண்டேனா, இன்றுவரை பிடிபடவில்லை. ஆனால் காதில் வாங்கியது நீ.

அப்புறம் ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லலாம் என்று வைத்தேன். லைசென்ஸ் என் பேரில் இருக்கிறது, ஆறு குதிரை இருக்கிறது என்று எனக்கு நானே சாக்குச் சொன்னேன். அதெல்லாம் பொய். அவர் கம்பை ஊன்றி எழுந்திருக்கும்போது அந்த முகத்தைப் பார்த்து "நான்தான்" என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அவ்வளவுதான் உண்மை. உன் வாயால் "நான்" என்று வந்துவிட்டால் என் வாய் மூடியே இருக்கலாம் என்று பார்த்தேன். கொண்டியைப் பற்றி எழுதினேனே, அதை எழுதும்போது எனக்குத் தெரிந்தேதான் எழுதினேன். என்னைவிடக் கேவலமான அக்கா எந்த ஊரிலாவது இருந்தால் சொல், போய்க் கும்பிட்டுவிட்டு வருகிறேன்.

உன் கடிதம் வந்ததும் நேற்று அவரிடம் சொல்லிவிட்டேன். சாயங்காலம்வரை லாய வாசல் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். விளக்கு போடும் நேரத்தில், "தேதி பாக்காம ஏறினவன் நான். அவன் பலகையப் பாக்கல, நான் தேதியப் பாக்கல. நீ மட்டும் என்ன தனியா?" என்றார். கொஞ்சம் பொறுத்து, "ஆனா அந்தப் பயல நாலு மாசம் துரத்தி வெச்சியே, அதுதான் எனக்கு ஆறல" என்றார்.

இன்று நான் ஆபீசுக்கு நேரில் போய் என் வாக்குமூலத்தைக் கொடுத்துவிட்டேன். உன்னுடையதை வாபஸ் வாங்கு.

ஒரு சந்தேகம் மட்டும் என்னை அரிக்கிறது. நீயும் திருப்பியிருந்தால் நான் பார்த்தபோது குதிரைப் படம்தானே இருந்திருக்க வேண்டும்? நான் பார்த்தது சைக்கிள். அப்படியானால் உன் கையில் ஒட்டின துரு எது?

அக்கா

*

ஜூன் 26

அக்கா,

என்ன எழுதுவது என்று தெரியாமல் மூன்று தாளைக் கிழித்துவிட்டேன்.

நாலு மாதம். தினம் காலையில் எழுந்ததும் முதல் நினைப்பே மாமாவின் முழங்கால்தான். கடையில் யாராவது கம்பு ஊன்றி வந்தால் பின்பக்கமாகப் போய்விடுவேன். உனக்குத் தெரிந்தே என்னை இப்படி விட்டாயே அக்கா. இதை எழுதாமல் மேலே எழுத முடியவில்லை. எனக்குக் கோபம் இருக்கிறது. நிறைய இருக்கிறது.

ஆனால் கோபம் உட்கார இடம் கிடைக்காமல் சுற்றுகிறது. ஏனென்றால் நீ திருப்பினாய் என்று எனக்கு நம்பிக்கையே வரவில்லை. நான் திருப்பினது அவ்வளவு தெளிவாக ஞாபகம் இருக்கிறது. பேண்டில் துடைத்த இடம்கூடச் சொல்லுவேன். பத்து நாள் முன்னால்வரை இந்த ஞாபகம் எனக்குக் கிடையாது, இப்போது போகமாட்டேன் என்கிறது. நான் திருப்பி, நீ திருப்பினால் பலகை முதலில் இருந்த மாதிரியே ஆகிவிடும், மாமா வீட்டிலேயே இருந்திருப்பார். காகிதத்தில் சதுரம் போட்டுக்கூடப் பார்த்தேன். முதலாளியிடம் கதையைச் சொன்னேன். "உங்க அக்கா பொய் சொல்றாங்க, இல்லைன்னா நீ பைத்தியம்" என்றார். இரண்டில் எது பரவாயில்லை என்று நானே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

குடைக்காரருக்கு போன் போட்டுக் கேட்டேன். அவர் அன்று சாயங்காலம் ஒரு சுற்று நடந்துவிட்டு நான் பூட்டும் நேரத்தில் வெளியே வந்தாராம். "நீ பலகைக்கிட்ட நின்னே. தொட்டே. அப்புறம் தலைய ஆட்டிட்டுப் போயிட்டே" என்றார். திருப்பினேனா என்றால், "குடைய மடக்கிட்டு இருந்தேன்பா" என்கிறார். மழையே பெய்யவில்லை அன்றைக்கு!

தொட்டேனாம். அதுவரைக்கும் சரி. தொட்டுவிட்டு, தேதி ஞாபகம் வந்து, திருப்பாமல் விட்டிருக்கலாம். அப்படித்தான் இருக்கும் என்று இதை எழுதும் நிமிஷத்தில் தோன்றுகிறது. நாளைக்கு எப்படித் தோன்றுமோ தெரியவில்லை.

எப்படியானாலும் என் வாக்குமூலத்தை வாபஸ் வாங்க மாட்டேன். எனக்கு லைசென்ஸும் இல்லை, குதிரையும் இல்லை. என் தலையில் போட்டால் போகட்டும். உன்னுடையதை நீ வாங்கிக்கொள்.

தம்பி

*

ஜூலை 5

தம்பிக்கு,

வாக்குமூலத்தை நான் வாபஸ் வாங்கவில்லை. நீயும் வாங்கவில்லை. அக்காவும் தம்பியும் ஒரே மாவில் பிசைந்தவர்கள் என்று உன் மாமா தலையில் அடித்துக்கொள்கிறார்.

நேற்று ரேஞ்சர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். மேஜையில் இரண்டு வாக்குமூலமும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. "ஏம்மா, திருட்டுக் கேஸ்ல யாரும் ஒத்துக்க மாட்டாங்க. உங்க வீட்டுல என்ன, போட்டி போடறீங்க?" என்றார். மேலிடத்துக்கு இரண்டையும் அனுப்பிவைத்தாராம். அங்கிருந்து வந்த பதிலைப் படித்துக் காட்டினார். கேட்டு நகல் வாங்கி வந்தேன். அப்படியே எழுதுகிறேன், சிரிக்காமல் படி:

"ஒரே பலகையை ஒரே மாலையில் இருவர் தனித்தனியே திருப்பியதாக வாக்குமூலம் அளித்துள்ளனர். அவ்வாறெனில் பலகை சரியான பக்கத்திலேயே இருந்திருக்கும். விபத்து நிகழ்ந்திருக்க வாய்ப்பில்லை. விபத்து நிகழ்ந்துள்ளமையால் இரண்டையும் ஏற்க இயலாது. இருவரும் தமக்குள் கலந்து பேசி, இம்மாதம் பதினைந்தாம் தேதிக்குள் ஒன்றாக நேரில் வந்து, ஒரே வாக்குமூலம் அளிக்க வேண்டியது."

வாய்ப்பில்லையாம். வீட்டுக்கு வந்து உன் மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். தகடு வைத்த முழங்காலோடு அதைக் கேட்டுக்கொண்டிருந்தவர் அவ்வளவு சத்தமாகச் சிரித்து ஐந்து மாதம் ஆகிறது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைத்துக்கொண்டு, "அவன் எப்ப வர்றான்?" என்றார்.

நீ கோபமாக இரு. இருக்க வேண்டியதுதான், நான் அதற்கு ஒரு வார்த்தை மறுப்புச் சொல்ல மாட்டேன். கோபத்தோடேயே வா. உன் கையில் ஒட்டின துரு எது, அந்த மனுஷர் மழையில்லாத நாளில் எதற்குக் குடையை மடக்கினார், எனக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாமல் போனாலும் போகட்டும் என்று இப்போது தோன்றுகிறது. நீ இங்கே இல்லாததுதான் எனக்குத் தாங்கவில்லை.

அந்த வார்த்தைக்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். காகிதத்தில் கேட்டால் உனக்கும் பிடிக்காது, எனக்கும் வராது. ஆஸ்பத்திரி வராந்தாவில் அத்தனை பேர் முன்னால் சொன்னேன், அதே மாதிரி ஆபீஸ் வராந்தாவில் அத்தனை பேர் முன்னால் கேட்கிறேன்.

என் கண்ணில் முழிக்கக் கூடாது என்று சொன்னது நான். முழிக்க வேண்டும் என்று இப்போது சர்க்காரே முத்திரை குத்தி எழுதிக் கொடுத்திருக்கிறது. நகலை இதோடு வைத்திருக்கிறேன். பஸ் ஏறு.

அக்கா